கீரையின் மேல் போட்ட பழி

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் துணையாக ஓர் இதய டாக்டரின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. "கீரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். எழுபது வயது மனுஷி, மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், பென்சில் திருடி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "ஒரே ஒரு நாளு சார்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. கையில் ஊசி பிடித்து, குழாயில் ரத்தம் எடுத்து, இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தவள் நான். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்னென்ன நடக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி என்பது போதும்.

என் பெயர் பிலோமினா. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் லேப் டெக்னீசியன் படிப்பு, இரண்டு வருடம் சின்ன லேப் ஒன்றில் கிட்டத்தட்ட எடுபிடி வேலை, அப்புறம் அந்த ஆஸ்பத்திரி. முப்பத்தோரு வருடம் அங்கேதான். நான் சேர்ந்த காலத்தில் மெஷின் கிடையாது. முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குழாயை வைத்து, மருந்துக் கரைசலை ஊற்றி, ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், ஒரு கையில் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் திரவம் சட்டென்று ஜெல்லி மாதிரி நிற்கும். அந்த நொடியில் வாட்சை அமுக்க வேண்டும். ரத்தம் உறைய எத்தனை நொடி ஆனது என்பதுதான் கணக்கு.

பிறகு மெஷின் வந்தது. வேலையின் ஒழுங்கு மாறவில்லை. நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். கோட்டுக்குக் கீழே நின்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் மருந்தும் ரத்தமும் ஒன்றுக்கு ஒன்பதாக இருந்தால்தான் முடிவு சரியாக வரும். குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சுற்றவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நோயாளியின் நொடிகளை, நல்ல ஆரோக்கியமான ஆளின் நொடிகளால் வகுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. நாங்கள் ஊற்றும் கரைசல் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒவ்வொரு வீரியத்தில் இருக்கும். அந்த வீரியத்தை ஓர் எண்ணாக, பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை மெஷினில் ஏற்றினால்தான் அது சரியாகக் கணக்குப் போட்டுக் கடைசி விடையைத் தரும். அந்த விடைக்குப் பெயர் ஐ.என்.ஆர். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும். ஏறினால் உள்ளுக்குள் கசியும்.

கீரை எங்கே வந்தது என்றால், அதில் வைட்டமின் கே இருக்கிறது. ரத்தம் உறைய அது வேண்டும். மாத்திரை அதற்கு எதிராக வேலை செய்கிறது. ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருந்தால் அளவு தள்ளாடும். வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுகிறவர் எப்போதும் அதே இரண்டு நாள் சாப்பிட்டால், அதற்கேற்றபடி மாத்திரையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளியோடு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். "கீரையை விடு" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

எங்கள் லேபுக்குத் தலைவர் டாக்டர் அருளப்பன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எங்களை எல்லாம் "மதாம்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது பிடிக்காததைச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையில் இருக்கும் சின்னத் துணியால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, பிரெஞ்சில் சரி என்பதற்கு "போன்" என்பார். அதாவது பேச்சு முடிந்தது, நீ போகலாம். புதுப் பெட்டி எது வந்தாலும் அதற்குள் இருக்கும் தாள் அவர் மேஜைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். "செட்டிங்ஸ் நான் பாத்துக்குவேன் மதாம். நீங்க டியூபைப் பாருங்க." மெஷினின் ரகசிய எண்ணும் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டரை வருடம் முன்பு கரைசல் கம்பெனியை மாற்றினார்கள். முதல் பெட்டியைப் பிரித்தது நான்தான். தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். தாள் பறக்காமல் இருக்க அவர் அதன் மேல் கண்ணாடிக் குண்டைத் தூக்கி வைத்தார். மெஷினில் எண் மாறியதா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கதையில் என் பங்கு அது, அதை நான் யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

செல்வராணி பாகூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். முப்பத்துநான்கு வயது. புருஷன் வீட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. இவள் தினமும் பஸ் ஏறி வந்து நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயம் கெட்டுப்போய், வால்வு மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒரு முறை காலையில் என்னிடம் ரத்தம் கொடுப்பாள். ரிப்போர்ட் வந்ததும் இதய ஓ.பி.யில் டாக்டரைப் பார்ப்பாள். மதியம் கடைக்குப் போய்விடுவாள். அவளுடைய அளவு எப்போதும் இரண்டே முக்கால், இரண்டு புள்ளி எட்டு என்று கல் மாதிரி நிற்கும். அவளைப் போல ஒழுங்கான நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

புதுக் கரைசல் வந்த மாதம் அவளுக்கு இரண்டு வந்தது. ஓ.பி. டாக்டரின் குரல் வராந்தா வரை கேட்டது. "கீரை தின்னுட்டு வந்து நிக்கிற. வால்வு அடைச்சா யாரு பொறுப்பு?" மாத்திரையைக் கூட்டினார்.

அடுத்த மாதம் அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். முப்பது நாளும் என்ன சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தாள். மாத்திரை கூடியும் அன்றைக்கு இரண்டு நான்குதான். டாக்டர் நோட்டைத் திறக்கவில்லை. கூட வந்திருந்த புருஷனை உள்ளே கூப்பிட்டு, "உங்க சம்சாரத்துக்கு வாய் அடங்கல. பொய் வேற சொல்லுது. பாத்துக்குங்க" என்றார். மறுபடியும் மாத்திரையைக் கூட்டினார். செல்வராணி வெளியே வந்து நோட்டை என் மேஜையில் வைத்தாள்.

"நீங்களாச்சும் படிங்க சிஸ்டர்."

மதியச் சாப்பாட்டின்போது படித்தேன். குண்டு குண்டான எழுத்து. "காலை: இட்லி 3. தேங்கா சட்னி. கொத்தமல்லி போடல." "மதியம்: சோறு, ரசம். கருவேப்பில எடுத்து ஓரமா வச்சிட்டேன்." "பாப்பாவுக்கு முருங்கக்கீர சூப்பு வச்சேன். நான் குடிக்கல. உப்பு கூட பாக்கல." முப்பது நாளும் இப்படித்தான். பொய் எழுதுகிறவள் கருவேப்பிலையை ஓரமாக வைத்ததை எழுதமாட்டாள். இவள் அளவு ஏன் விழுந்தது என்று அன்றைக்கே நான் எழுந்து போய்க் கேட்டிருக்க வேண்டும். நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

மூன்றாவது மாதம் வந்தாள். ரத்தம் எடுக்கக் கையைத் திருப்பினால் முழங்கைக்கு மேலே ஊதா நிறத்தில் நான்கைந்து தடிப்பு.

"இது என்னா செல்வராணி, அடியா? மாத்திரையாலயா?"

"ரெண்டும்தான் சிஸ்டர்" என்றாள், பஸ் நேரம் சொல்வது மாதிரி. "பாப்பா தட்டுல கீரை ஒட்டிக்கினு இருந்துது. நான்தான் துன்னேன்னு அவரு நெனச்சிட்டாரு. லேசாத்தான் புடிச்சாரு. முன்னெல்லாம் இப்படிக் கன்னிப்போவாது."

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தேன். சாதாரண ஆளுக்கு மூன்று நிமிடம் அழுத்தினால் போதும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஐந்து, ஆறு. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், கசிந்துகொண்டிருந்தது. பஞ்சை மாற்றினேன். இருபது நிமிடம் கழித்தும் கசிந்தது. இறுக்கிக் கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டு மெஷினில் ஓட்டினேன். இரண்டு ஒன்பது. மறுபடி ஓட்டினேன். அதே இரண்டு ஒன்பது.

இரண்டு ஒன்பது என்றால் நல்ல அளவு. நல்ல அளவில் இருக்கிற ரத்தம் இப்படிக் கசியாது. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ரிப்போர்ட் ஓ.பி.க்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் செல்வராணி லேப் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சிஸ்டர், டாக்டர் இன்னைக்குத் திட்டல. இப்பத்தான் ஒழுங்கா வாயக் கட்டியிருக்கன்னு சொன்னாரு. இதே மாத்திரைய விடாம போடச் சொல்லிட்டாரு. வரேன் சிஸ்டர், கடைக்கு நேரமாச்சி."

அவள் கட்டின் மேல் ரத்தம் ஊறியிருந்ததை நான் பார்த்தேன். அவள் போய்விட்டாள்.

நேராக டாக்டர் அருளப்பனின் அறைக்குப் போனேன். அவர் ரவுண்ட்ஸில் இருந்தார். கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். புதுக் கரைசலின் தாள் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. வீரிய எண் ஒன்றரை. மெஷின் திரையில் வந்து பார்த்தேன். பழைய கம்பெனியின் எண், ஒன்று. மூன்று மாதமாக அப்படியே இருந்தது. என் கைபேசியில் கணக்குப் போட்டேன், வெறும் பெருக்கல் இல்லை, அடுக்குக் கணக்கு அது.

முதல் மாதம் அவளுக்கு வந்த இரண்டு, உண்மையில் இரண்டு எட்டு. அவளுடைய வழக்கமான அளவு. அவள் எதையும் தின்னவில்லை. அவளைத் திட்டிய அன்று அவள் ரத்தம் மிகச் சரியாக இருந்தது. இரண்டாம் மாதத்து இரண்டு நான்கு, உண்மையில் மூன்று ஏழு. டாக்டர் பாராட்டி அனுப்பிய இன்றைய இரண்டு ஒன்பது, கிட்டத்தட்ட ஐந்து.

டாக்டர் அருளப்பன் வந்ததும் தாளை நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போன். இன்னைலேர்ந்து ஒன்றரை போட்டுடலாம் மதாம்."

"மூணு மாசமா வெளிய போன ரிப்போர்ட் எல்லாம் தப்பு சார்."

"போனது போயாச்சு. கிளறினா ஆஸ்பத்திரி பேரு கெடும்."

"செல்வராணின்னு ஒரு பொண்ணுக்கு அஞ்சு கிட்ட இருக்கு சார். அதே டோஸைப் போடச் சொல்லி அனுப்பிட்டாங்க."

"அடுத்த மாசம் வருவாங்க இல்ல? அப்பப் பாத்துக்கலாம்." துணியை மடித்துப் பையில் வைத்தார். "நீங்க டெக்னீசியன். டோஸ் பத்திப் பேசறது உங்க வேலை இல்ல."

அடுத்த மாதம் வருவாளாம்! இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எதற்கும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து நேரு வீதிக்குப் போனேன்.

அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டேன்.

"வெளிய போறது எப்படி இருக்கு? கறுப்பாப் போவுதா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "தார் மாதிரி போவுது சிஸ்டர். மூணு நாளா. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா கீரை துன்னுட்டேன்னு சொல்லுவாங்க. சத்தியமா நான் துன்னல சிஸ்டர்."

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. அதை ஒருத்தி மறைக்கிறாள். எதற்கு? நம்மைப் போன்ற படித்தவர்கள் கீரை தின்றாயா என்று கேட்போமே என்று.

கடைக்காரர் முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் அவளை அதே ஆட்டோவில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். பணியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். நான் தாளையும் கணக்கையும் காட்டியபோது அவர் என்னைத் துரத்தவில்லை. "நீங்க சொல்றது சரிதான்" என்று உடனே படுக்கையில் சேர்த்தார். ஊசியில் என்ன மருந்து ஏற்றினார்கள் தெரியுமா? வைட்டமின் கே. கீரையில் இருக்கிறதே, அதேதான். எதைச் சாப்பிட்டாய் என்று அவளைத் திட்டினார்களோ, உயிரைக் காப்பாற்ற அதையே நரம்பில் ஏற்றினார்கள்.

எட்டு நாள் வார்டில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனாள். புருஷனிடம் நடந்ததை நானே சொன்னேன். "டாக்டரே சொன்னாரு மேடம், நான் என்னா பண்ணுவேன்" என்றான். "டாக்டர் அடிக்கச் சொன்னாரா?" என்று கேட்டேன். ஓ.பி. டாக்டர் ஒரு முறைகூட அந்த வார்டுப் பக்கம் வரவில்லை.

செல்வராணி ஒருத்திதானா? அந்த மூன்று மாதப் பதிவேட்டில் அதே மெஷினில் அளவு பார்த்தவர்கள் பலர். கூப்பிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் கைபேசியிலிருந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "உங்க ரிப்போர்ட் தப்பா இருக்கலாம், இன்னைக்கே வந்து மறுபடி பாருங்க" என்று மட்டும் சொன்னேன். பெரும்பாலோர் வந்தார்கள். பலருக்கு அளவு ஏறிக் கிடந்தது. மாத்திரையைக் குறைத்தார்கள், ஏன் என்று யாருக்கும் சொல்லாமல்.

ஒரு நம்பரை ஒரு பெண் எடுத்தார். கோவிந்தசாமி இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவரு போயி பதினெட்டு நாளாச்சிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கருவடிக்குப்பத்துக்குப் போனேன். கோவிந்தசாமி தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்குள் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டாம் நாள் இறந்துவிட்டார். அவர் மனைவி பவுனம்மா என்னை உட்காரச் சொன்னார். வாசலில் ஒரு முருங்கை மரம் அடியோடு வெட்டப்பட்டுக் கிடந்தது. இலை காய்ந்து சருகாகியிருந்தது.

"நான்தாம்மா அவர சாவடிச்சேன்" என்று அவரே ஆரம்பித்தார். "ஆசையாக் கேட்டாரேன்னு ஒரு ஞாயித்துக்கிழம முருங்கக்கீர பொரியல் ஒரு கரண்டி வச்சேன். அடுத்த வாரம் ரத்தம் பாத்தா கொறஞ்சிபோச்சி. டாக்டரு என்னையத்தான் திட்டனாரு. நீ கீரை போட்டதாலதான் மாத்திரைய ஏத்துறேன்னாரு. ஏத்தினாரு. மண்ட வெடிச்சிப் போச்சி. எம்புள்ள எங்கிட்டப் பேசறதில்ல. எங்கையால சோறு துன்றதில்ல. அந்த மரத்த அவன்தான் வெட்டுனான்."

மகன் உள் அறை வாசலில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நான் சொன்னேன். கரைசல் மாறியதை, எண்ணை மாற்றாமல் விட்டதை, நான் கேட்காமல் இருந்ததை. அவருடைய அளவு குறையவே இல்லை, குறைந்ததாகக் காட்டியது எங்கள் மெஷின் என்பதை. ஒரு கரண்டிக் கீரை ஒரு மனிதரை இப்படிக் கொல்லாது என்பதை. பவுனம்மா வாசலில் கிடந்த மரத்தைப் பார்த்தார். அழவில்லை. பிறகு கேட்டார்:

"இத எழுதிக் குடுப்பியாம்மா?"

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது ஆகவும் செய்தது. அனுமதியில்லாமல் ஆஸ்பத்திரி விவரங்களை வெளியே கொடுத்ததற்கு மெமோ, விசாரணை. கடைசி இரண்டு வருடம் சிறுநீர் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டும் கவுன்டரில் உட்கார்ந்தேன். டாக்டர் அருளப்பன் மரியாதையோடு ஓய்வு பெற்றார். ஓ.பி. டாக்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இன்றைக்கும் பெரிய பெயரோடு இருக்கிறார்.

அன்றைக்குப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வீட்டில் கிடைத்த கோடு போட்ட தாளில் எழுதினேன். தேதி, மெஷின், பழைய எண், புது எண், அவருக்குக் கொடுத்த மூன்று ரிப்போர்ட்டிலும் இருந்த அளவு, உண்மை அளவு. "இவரது மரணத்துக்கு இவர் சாப்பிட்ட உணவு காரணமில்லை" என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டேன். பவுனம்மா படிக்கத் தெரியாதவர். தாளை வாங்கி மகனிடம் நீட்டினார். அவன் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். அப்புறம் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். தாளை நான்காக மடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரி காயிதத்துல என்னா எழுதியிருக்கு மேடம்?" என்று கேட்டான்.

அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை. அவருடைய கோப்பில், இறப்புக் குறிப்பில், "உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி வேலையில் இருந்தபோது இரண்டு முறையும் வெளியே வந்த பின் ஒரு முறையும் எழுதினேன். மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. கோப்பு அப்படியேதான் இருக்கிறது. கோவிந்தசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கரண்டி முருங்கைக்கீரை சாப்பிட்டார். அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை.